ஜெயசீலி டீச்சரின் மூன்று கண்ணாடிகள்

வெள்ளிக்கிழமை காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது. ஜெயசீலி டீச்சர் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் பேசினார். "கோதை டீச்சருங்களா? மாடியில டீச்சர் இன்னும் கதவத் தொறக்கல. பால் பாக்கெட்டு வாசல்லயே கெடக்கு. நீங்க செத்த வாரீகளா?" என்றார்.

"கதவை உடைங்க, என்னைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்களே" என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது போன் வந்துவிட்டது. டீச்சர் கட்டிலில் படுத்தபடியே போய்விட்டிருந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நான் போய் இறங்கியபோது தெருவில் நின்ற நாலைந்து பேரும் நல்ல சாவு, நல்ல சாவு என்றார்கள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் வந்த சாவு எந்தக் கணக்கில் நல்ல சாவு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அன்று யாரோடும் சண்டை போடத் தெம்பில்லை.

"அவுக தம்பிக்கு யாரு சொல்ல?" என்று வீட்டுக்கார அம்மாள் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அந்த அம்மாளின் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு செட்டியார்பட்டிக்குப் புறப்பட்டார். அந்தத் தம்பி தன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதுதான் டீச்சருக்கு இத்தனை வருடமாக இருந்த ஒரே ஆசை. அதை அவர் என்னைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஆசை நிறைவேறாமலே அவர் போனார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டீச்சரிடம் படித்த பிள்ளைகள் இந்த வட்டாரம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவரும் கணக்கு டீச்சர்கள். நான் உள்ளூர்க்காரி. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கோதை மேல்தான் விழ வேண்டும், அந்தக் கோதைகளில் நானும் ஒருத்தி. ஜெயசீலி டீச்சர் என்னைவிடச் சில வயது மூத்தவர். மாறுதலில் எங்கள் பள்ளிக்கு வந்தார். செட்டியார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்த அன்றே அவருடைய கைப்பையிலிருந்து இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகள் வெளியே வந்ததைப் பார்த்தேன். நான் சும்மா இருப்பேனா? "பொட்டு வைக்க ஒரு கண்ணாடி போதாதா டீச்சர்?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு கண்ணாடி மாத்திச் சொல்லும் டீச்சர். ரெண்டு சேந்தாத்தான் நெசத்தச் சொல்லும்" என்றார். சொல்லிவிட்டு இரண்டையும் புத்தகத்தைத் திறந்து நிறுத்துவதுபோல, செங்கோணத்தில் மேசைமேல் நிறுத்தினார். நடுவில் தெரிந்த என் முகத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். என் முகம்தான், ஆனால் வேறு யாரோபோல் இருந்தது. மூக்குத்தி இடம் மாறியிருந்தது. பொட்டு கோணலாக இருப்பதாகத் தோன்ற, சரி செய்யப் போனேன். விரல் ஒரு பக்கம் போக, கண்ணாடியில் இருப்பவள் விரல் மறுபக்கம் போனது. பொட்டு காதுப் பக்கம் போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம். ஆசிரியர் அறையே சிரித்தது.

"இதுதான் டீச்சர் நாங்க தெனம் பாக்குற ஒங்க மொகம். நீங்க மட்டுந்தான் இதப் பாத்ததே இல்ல" என்றார்.

எங்கள் பாடப்புத்தகத்தில் எதிரொளிப்பு ஒரு கட்டத்திலும், சுழற்சி ஒரு கட்டத்திலும், இடப்பெயர்வு ஒரு கட்டத்திலும் தனித்தனியாக இருந்தன. நானும் தனித்தனியாகவே நடத்திக்கொண்டிருந்தேன். ஜெயசீலி டீச்சர் வகுப்பில் அந்த வேலி கிடையாது. மெல்லிய தாளில் கம்பத்தோடு ஒரு கொடியை வரைவார். ஒரு கோட்டில் மடித்துப் பிரதி எடுப்பார். அதற்கு இணையான இன்னொரு கோட்டில் மறுபடி மடிப்பார். கொடி முன்பு போலவே நிமிர்ந்து, தள்ளிப்போய் நிற்கும். "ரெண்டு கண்ணாடி எதிரெதிரா நின்னா, நகத்தும். எம்புட்டு நகத்தும்? ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தப்போல ரெண்டு மடங்கு. ரெண்டு கண்ணாடி சாஞ்சு ஒண்ணையொண்ணு வெட்டுனா, சுத்தும். கோணத்தப்போல ரெண்டு மடங்கு சுத்தும்" என்பார். பிள்ளைகள் கூடவே சேர்ந்து சொல்லும். வராண்டாவில் போகிற தலைமையாசிரியை நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அவருக்கு உயிரான விஷயம் அதற்கு அடுத்தது. ஒரே அளவுள்ள இரண்டு முக்கோணங்கள் தாளில் எங்கே எப்படிக் கிடந்தாலும் சரி, ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் அச்சாகப் பொருத்த மூன்று கண்ணாடிகளுக்கு மேல் வேண்டியதில்லை. ஒரு முனையைச் சேர்க்க ஒன்று, அடுத்த முனைக்கு ஒன்று, அதற்குப் பிறகும் முகம் மாறிக் கிடந்தால் இன்னொன்று. "எம்புட்டுத் தொலவுல கெடந்தாலும் மூணுதான் டீச்சர். மூணுக்கு மேல போகவே போகாது" என்று சொல்லும்போது அவர் கண் மின்னும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போதுகூட என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார். நான் பாயசம் இரண்டாம் தடவை வரவில்லையே என்ற கவலையில் இருந்தேன்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அம்மா அப்பா போன பிறகு தம்பி தேவராஜ், தம்பி மனைவி, அவர்களுடைய பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருந்தார். தேவராஜ் நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருந்தார். செட்டியார்பட்டிப் பக்கம் அது வீட்டுக்கு வீடு நடக்கிற தொழில்தான். பள்ளி விட்டு வந்ததும் டீச்சர் காபி குடித்துவிட்டு நேரே யூனிட்டுக்குப் போய்விடுவார். கழுத்து, கை, முன்பக்கம், பின்பக்கம் என்று அளவெடுத்த அட்டைகளைத் துணிமேல் எப்படித் திருப்பி, எப்படி நெருக்கி வைத்தால் வெட்டில் கழிவு குறையும் என்று பார்ப்பது அவருக்கு விளையாட்டு. அக்கா வரைந்து கொடுத்தால் தம்பி கண்ணை மூடிக்கொண்டு வெட்டச் சொல்வார். அக்காவைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு அவர்மேல் எத்தனை ஆத்திரம் இருந்தாலும், அந்தப் பெருமை பொய்யில்லை.

வெட்டு மேசையைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நீளமான மேசையில் துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிப்பார்கள். அங்கே மடக்கித் திரும்பக் கொண்டுவருவார்கள். மறுபடி மடக்குவார்கள். அப்படி அடுக்கடுக்காக ஏற்றி, மேலே அட்டையை வைத்து வரைந்து, மெஷினால் மொத்த அடுக்கையும் ஒரே வெட்டாக வெட்டுவார்கள். மடக்கி மடக்கிப் போடுவதால் ஓர் அடுக்கில் துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும், அடுத்ததில் கீழே இருக்கும். அதனால் கை அட்டையை ஒரே மாதிரி வைத்து வெட்டினாலும் பாதி வலது கையாகவும் பாதி இடது கையாகவும் வந்துவிடும். கைக்கு முன்பக்க வளைவு ஆழம், பின்பக்கம் அவ்வளவு ஆழமில்லை. ஆகவே வலதுக்கு வெட்டியதை இடதில் வைத்துத் தைக்க முடியாது. "அந்த மடிப்புத்தான் டீச்சர் கண்ணாடி. மடிக்க மடிக்க எதிரொளிப்பு தானா நடக்குது, அதுக்குத் தனியா கூலி இல்ல" என்று டீச்சர் பூரித்துப்போவார்.

ஒரு தீபாவளிச் சமயத்தில் மதுரைக் கடை ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. டீச்சருக்குக் காலாண்டுப் பரீட்சை விடைத்தாள் வேலை. யூனிட் பக்கம் போக நேரமில்லை. கையளவுகளை மட்டும் கேட்டு வாங்கி, ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து வரைந்தார். எல்லாக் கைகளும் ஒரே மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல, கழிவே இல்லாமல் வரைந்திருந்தார். என்னிடம் காட்டினார். நானும் அசந்துபோனேன். மறுபாதிக் கைகளை மடிப்பு பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய கணக்கு.

ஆனால் வந்த துணியில் பூக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. அந்த மாதிரித் துணியை மடக்கிப் போட்டால் பாதி நைட்டியில் பூ தலைகீழாகத் தொங்கும். அதனால் தேவராஜ் ஒவ்வொரு அடுக்கையும் கோடியில் அறுத்து, எல்லாவற்றையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கச் சொன்னார். தொழில்படி அது சரிதான். துணி இப்படி என்று அவர் அக்காவிடம் சொல்லவில்லை. துணி எப்படி என்று அக்காவும் கேட்கவில்லை. கணக்குத் தாளில் பூ கிடையாது அல்லவா? தம்பி அக்காவின் கணக்கை நம்பினார், அக்கா மேசையின் மடிப்பை நம்பினார். வெட்டி முடித்துப் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் வலது கை.

தையல் மெஷினில் இருந்த பெண்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். தள்ளி வைத்தாலும் வலது கைதான், சுற்றி வைத்தாலும் வலது கைதான். கவிழ்த்துப் போட்டால் இடது கை ஆகிவிடும், ஆனால் வெளிறிப்போன உள்பக்கம் வெளியே தெரியும். அதே துணியைத் திரும்ப வாங்கலாமென்றால் மில்லில் அந்தப் பூ தீர்ந்துவிட்டது. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. விஷயம் தெரிந்து டீச்சர் பள்ளியிலிருந்து ஓடினார். யூனிட் வாசலில், வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் தேவராஜ் சொன்னது இது:

"கையப் புடிக்க ஒருத்தன் இருந்திருந்தா, எது எடது எது வலதுன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இதை டீச்சர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் பாத்திரக் கடையில் விலை கேட்பதுபோல. "நான் வாரேன் டீச்சர் ஒங்க வீட்டுக்கு. அவரை நாலு கேள்வி கேட்காம விடமாட்டேன்" என்றேன். "நீங்க வந்தா நாலு கேள்வியோட நிக்க மாட்டீக" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அந்த வாரமே ராஜபாளையத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தனியாகப் போனார். போகும்போது வீணாய்ப்போன கைகளில் ஒரு மூட்டையைக் கேட்டு எடுத்துக்கொண்டாராம்.

அந்த மூட்டை எங்கள் பள்ளிக்குத்தான் வந்தது. பல வருடங்களுக்கு எங்கள் கரும்பலகைகளைத் துடைத்தவை அந்தப் பூப்போட்ட கைகள்தான். வருடா வருடம் எதிரொளிப்புப் பாடம் வரும்போது டீச்சர் ஒரு கையைப் பலகையில் குத்தி வைப்பார். "இது வலது கை. இத எடது கையா ஆக்குங்க பாப்போம்" என்பார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து தள்ளும், சுற்றும், தோற்றுப்போகும். கடைசியில் ஒருத்தி கவிழ்த்துப் போடுவாள். உடனே வகுப்பு முழுவதும் "பூவக் காணோம் டீச்சர்!" என்று கத்தும். "ஆமா. ஒத்தக் கண்ணாடியில போனத, தள்ளியும் சுத்தியும் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்னொரு கண்ணாடி வேணும். இது தெரிஞ்ச ஒரு கணக்கு டீச்சரே ஒரு தடவ தப்புப் பண்ணிட்டாக" என்பார். யார் அந்த டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கும். "ஒங்களுக்குத் தெரியாது, அவுக இந்த ஊரு இல்ல" என்று சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே பலகையைத் துடைப்பார். பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு தடவை அந்தப் பாடத்தை நான் கேட்டேன். இரண்டாம் தடவை கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் கேக் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். தேவராஜ் உள்ளே எழுந்து போய்விட்டார். தம்பி மனைவி கேக்கை வாங்கிக்கொண்டு அழுதாராம். அதற்குப் பிறகு டீச்சர் அந்தத் தெருவுக்குள் போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, செட்டியார்பட்டியில் தங்கள் பழைய சர்ச்சுக்கே போய்வந்தார். ராஜபாளையத்தில் இல்லாத சர்ச்சா? நானே கேட்டிருக்கிறேன். "அங்க ஆம்பளையாளுக ஒரு பக்கம், பொம்பளையாளுக ஒரு பக்கம். பின்னால உக்காந்தா அவன் முதுகு தெரியும் டீச்சர்" என்றார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பியின் முதுகைப் பார்க்க ஒருவர் பஸ் ஏறிப் போகிறார். ஜெபம் முடிந்ததும் அந்தத் தம்பி பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிவிடுகிறார். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. எனக்கு அந்த மனிதரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். டீச்சர் திட்ட விடமாட்டார். "அவன் சொன்னதுல அவனுக்கே வெக்கம். அந்த வெக்கந்தான் பேச விடமாட்டேங்குது" என்பார். இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு வெட்கம் என்பதற்காக இன்னொருவர் தனியாகச் சோறு தின்ன வேண்டுமா என்று நான் கேட்பேன்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, திங்கட்கிழமைகளில் டீச்சர் ராஜபாளையத்திலிருந்து என் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. மதியம் இங்கேயே சாப்பிடுவார். என் கணவர் அவரைப் பார்த்ததும் "வந்துட்டாக கண்ணாடிக்கார டீச்சர்" என்று சிரித்துவிட்டுத் தினசரியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். என் கணவர் இறந்தபோது காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு வந்த திங்கட்கிழமை, டீச்சர் வந்தார். ஹாலில் இருந்த பீரோக் கண்ணாடியையும், அதற்கு எதிரே சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்.

"இப்ப இது ரொம்ப முக்கியமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"பாருங்க, பொறவு திட்டுங்க" என்றார்.

பார்த்தேன். கண்ணாடிக்குள் கண்ணாடியாக, வரிசையாக நான் நின்றேன். முதலில் நிற்பவள் என் முகத்தைக் காட்டினாள். அடுத்தவள் முதுகைக் காட்டினாள். அதற்கடுத்தவள் முகம், அடுத்தவள் முதுகு. போய்க்கொண்டே இருந்தது. "மொகத்தக் காட்டுறவள்லாம் மாறிப்போனவ. முதுகக் காட்டுறவதான் நெசமான நீங்க. ரெண்டு கண்ணாடிலயும் பட்டு, ஒங்களப்போலவே, ஒங்களுக்கு முன்னால தள்ளிப் போயி நிக்கா" என்றார். நான் அழுதேன். கணவர் போன பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன். டீச்சர் சமையலறைக்குப் போய் ரசத்தைச் சுட வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். தனியாக இருப்பது எப்படி என்று எனக்குச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை. ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, திங்கட்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கடைசியாக வந்த திங்கட்கிழமை டீச்சர் வழக்கத்துக்கு மாறாக இருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "நேத்து எங்க பக்கம் நல்ல மழ டீச்சர்" என்று ஆரம்பித்தார். சர்ச்சுக்குத் தேவராஜ் தாமதமாக வந்திருக்கிறார். வெளியே செருப்பைக் கழற்றி, மழைத்தண்ணீரில் கால் வைத்துவிட்டு உள்ளே நடந்துபோயிருக்கிறார். பின்வரிசையில் இருந்த டீச்சருக்கு முன்னால், சிமெண்டுத் தரையில் அவருடைய ஈரக்கால் தடம் வரிசையாகக் கிடந்திருக்கிறது.

"நடைன்னா என்ன டீச்சர்? ஒரு பாதத்த நடுக்கோட்டுல எதிரொளிக்கிறது, எதிரொளிச்சத முன்னால தள்ளி வைக்கிறது. எதிரொளிக்க ஒரு கண்ணாடி, தள்ளுறதுக்கு ரெண்டு. ஆக மூணு கண்ணாடி. நல்ல கால் ரெண்டும்னா இந்தத் தடத்தத் தூக்கி அந்தத் தடத்து மேல வச்சா பொருந்தணும்." சொல்லிக்கொண்டே என் தரையில் விரலால் வரைந்தார். "அவனுக்குப் பொருந்தல. வலது நல்லா பதிஞ்சிருக்கு. எடது குதிகால் மட்டும் பட்டு, இழுத்துக் கெடக்கு. முன்பாதம் படவே இல்ல. அங்க புண்ணு இருக்கு டீச்சர். அவனுக்குச் சர்க்கர உண்டு. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. கடைசியில காலயே எடுத்தாக."

"நான் வேணா அவர் சம்சாரத்துக்கிட்டச் சொல்லட்டுமா?" என்றேன்.

"அக்கா சொன்னான்னு தெரிஞ்சா வீம்புக்கே டாக்டர்ட்ட போகமாட்டான். அவன எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "இல்ல டீச்சர். வார ஞாயித்துக்கெழம அந்தப் பக்கக் கதவுல போயி நிக்கப்போறேன். நானே பேசிருதேன். வீம்பு புடிச்சாப் புடிக்கட்டும், மொகத்தத் திருப்புனாத் திருப்பட்டும், காலு முக்கியம்" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சொல்லிக் கேட்டேன். அன்று சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது, "என்ன நடந்துச்சுன்னு அடுத்த திங்கக்கெழம வந்து சொல்லணும்" என்று மிரட்டி அனுப்பினேன். "வாரேன், வாரேன்" என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது.

செட்டியார்பட்டியில் அம்மா அப்பாவின் கல்லறைகளுக்குப் பக்கத்தில்தான் டீச்சரை அடக்கம் செய்தார்கள். தேவராஜ்தான் எல்லாம் செய்தார். பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அழவில்லை. நான் இவருக்காக வருடக்கணக்காக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் கத்திபோல் இருந்தது. மண் போட்டு முடிந்து, பாஸ்டரும் போய், கூட்டம் கலைந்த பிறகு அவரே என்னிடம் வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. டீச்சருக்கு இருக்கும் அதே நெற்றி.

"நீங்கதான கோதை டீச்சர்?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா என்னயப் பத்தி ஏதும் சொன்னாகளா?" என்றார்.

வாயைத் திறந்தேன். சேர்த்து வைத்த எதுவும் வரவில்லை.

"ஒங்க எடது காலப் பாக்கச் சொன்னாக தம்பி" என்றேன். "போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஒங்க ஈரத்தடத்தப் பாத்திருக்காக. முன்பாதம் படலன்னு சொன்னாக. அங்க புண்ணு இருக்கும், ஒடனே டாக்டர்ட்ட காட்டணும்னு சொன்னாக. இந்த ஞாயித்துக்கெழம ஒங்ககிட்ட வந்து பேசறதா இருந்தாக."

அவர் அப்பாவின் கல்லறை மேடையில் மெல்ல உட்கார்ந்து, இடது செருப்பைக் கழற்றினார். பெருவிரலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"எம்பொஞ்சாதிக்குக்கூடத் தெரியாது டீச்சர்" என்றார். "எத்தனையோ மாசமா சரியா நடக்க முடியல. வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது."

அந்தக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். தொட்டு ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. "நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகணும் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதிதாகப் போட்ட மண்ணைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "அக்கா சொல்லீட்டாகள்ல. போறேன்."

டீச்சர், உங்களுக்குக் கேட்டதா? போகிறாராம். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.